சோழகம்: ஒரு காற்றுப் பெயரின் பொருளும் பிறப்பும்

முன்னுரை

தமிழில் காற்றுக்கு வழங்கும் பெயர்களுள் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்னும் நான்கும் நாம் அனைவரும் அறிந்தவை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று தமிழ்ப்பள்ளி மாணவரும் ஒப்பிப்பர். இந்நான்கும் இலக்கியத்தின் வழியாக நம்மை வந்தடைந்தவை. இவற்றுக்கு அப்பால், கடலை நம்பி வாழ்ந்த தமிழர் வாயில் வேறு சில பெயர்கள் வழங்கின; இன்றும் வழங்குகின்றன. அவற்றுள் இரண்டு சோழகம், கச்சான் என்பன. யாழ்ப்பாணத்தார் நாற்றிசைக் காற்றையும் சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்றே எண்ணுவர். தென்றல் இருந்த இடத்தில் சோழகமும், கோடை இருந்த இடத்தில் கச்சானும் அமைந்துள்ளன.

இவ்விரண்டனுள் சோழகம் என்னும் சொல்லின் பொருளையும் பிறப்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இச்சொல்லைக் கேட்டவுடன் சோழப் பேரரசு நம் நினைவுக்கு வருகின்றது. கடாரம் கொண்ட சோழனின் பெயர் அடிக்கடி நினைவுகூரப்படும் இம்மலேசிய மண்ணில் அந்நினைவு இன்னும் விரைவாகவே வரும். சொல்லின் ஒலி தரும் இந்த மகிழ்ச்சியை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமா என்பதே நம்முன் உள்ள வினா. இவ்வினாவுக்கு விடை காணக் கிள்ளான் பள்ளத்தாக்கின் கடலோரத்தில் உள்ள கேரித் தீவையும், அத்தீவைத் தாக்கும் ஒரு காற்றையும், மலாய் மொழியின் திசைப் பெயர்களையும் துணையாகக் கொள்கின்றோம். மலாக்கா நீரிணையின் கரையில் அமர்ந்து தமிழாராயும் நமக்கு இச்சான்றுகள் அருகிலேயே கிடைக்கின்றன என்பது ஒரு நற்பேறு.

ஒரே பருவம், மூன்று கரைகள்

மே மாத இறுதி தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தியப் பெருங்கடலின் வடபகுதி முழுவதிலும் வீசுகின்றது. வானிலையாளர் இதனை ஒரே பெயரால் குறிப்பர். கரையில் வாழ்வோர்க்கு அது ஒரே காற்றன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதன் பெயர் சோழகம். அகராதிகள் இச்சொல்லுக்குத் தென்காற்று என்று பொருள் தருகின்றன. யாழ்ப்பாண வழக்கில் அது தென்மேற்குப் பருவக்காற்றையும் அக்காற்று வீசும் காலத்தையும் சேர்த்தே குறிக்கின்றது. இலங்கையின் மேற்குச் சரிவுகளில் பெருமழை பொழியும் அப்பருவத்தில் யாழ்ப்பாணத்தில் மழை மிகக் குறைவு. அங்கு மழை தருவது வாடைக்காலமே. எனவே சோழகம் அங்கே உலர்ந்த, பலத்த காற்று.

அதே பருவத்தில் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பில் வீசுவது கச்சான். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இலங்கையின் நடுமலைகளில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறம் இறங்கும்போது வறண்டு வெப்பமடைகின்றது. சூன், சூலை மாதங்களில் இக்காற்று பகற்பொழுதின் கடற்காற்றையும் வென்று, மட்டக்களப்பில் வெப்பநிலையை ஏறத்தாழ 38 பாகை செல்சியசு வரை உயர்த்திவிடும். வானிலையியல் கலைச்சொல் தொகுப்புகளிலும் கச்சான் என்னும் தமிழ்ப் பெயர் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. மலையின் மறைவில் வாழ்பவனுக்கு அக்காற்று வெக்கை; திறந்த கடலோரத்தில் பாய்மரம் ஏற்றுபவனுக்கு அது உந்துவிசை. பருவம் ஒன்றாயினும் பெயர் இரண்டாவதற்கு இவ்வேறுபாடே காரணம்.

மூன்றாவது கரை நம்முடையது. தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையின் மேல் இரவில் புயல்மேகங்கள் வரிசையாகத் திரண்டு, விடியற்காலையிலோ காலையிலோ தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாக்குகின்றன. ஓரிரு மணி நேரமே நீடிக்கும் இச்சூறைக்குச் சுமாத்திரா என்பதே பெயர். தீவின் பெயரே காற்றின் பெயராயிற்று. 1886இல் வெளிவந்த ஆப்சன்-சாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இப்பெயரைப் பதிவுசெய்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் போர்த்துக்கீசிய வழக்கையும் எடுத்துக்காட்டுகின்றது. லங்காட் ஆற்றால் பெருநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, மேற்கே நீரிணையை நோக்கிக் கிடக்கும் கேரித் தீவு, இச்சூறையைத் தடையின்றி எதிர்கொள்ளும் இடங்களுள் ஒன்று.

ஒலி ஒற்றுமை சான்றாகுமா?

சோழகத்தின் பிறப்பை ஆராயுமுன், ஒலி ஒற்றுமையை எவ்வளவு நம்பலாம் என்பதனை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கேரித் தீவின் பெயரே போதுமான எடுத்துக்காட்டாகும்.

கன்னடத்தில் கேரி என்றால் தெரு, குடியிருப்பு என்று பொருள். தமிழில் அதற்கு இணையான சொல் சேரி. கன்னடத்தில் முன்னுயிரை அடுத்து நிற்கும் ககரம் தமிழில் சகரமாதல் திராவிட மொழியியலில் நன்கு நிறுவப்பெற்ற விதி. கன்னடக் கிவி தமிழில் செவி ஆவதும் அவ்விதியினாலேயே. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் எழுத்துச் சான்றுகள் யாவும் அழிந்துவிட்ட நிலையில், ஓர் ஆய்வாளர் இத்தீவின் பெயரைக் கண்டு, "இது தென்னிந்தியத் தொழிலாளர் வாழ்ந்த சேரி; அவர்களுள் கன்னடம் பேசியோர் இட்ட பெயர்" என்று முடிவுசெய்தால் அதனை எப்படி மறுப்பது? ஒலிவிதி பிழையின்றிப் பொருந்தும். பொருளும் பொருந்தும். தென்னிந்தியர் இங்குத் தொழிலாளராக வாழ்ந்ததும் உண்மை. ஆயினும் முடிவு தவறு. கேரி என்பது ஆங்கிலேயத் தோட்ட முதலாளி ஒருவரின் குடும்பப்பெயர்; தீவு அவர் பெயரால் வழங்கலாயிற்று.

ஆகவே ஒலிவிதி தேவையான சான்றே தவிர, போதுமான சான்றன்று. பெயரிட்டவர் யார், எங்கு நின்று பெயரிட்டார், எத்தேவையினால் பெயரிட்டார் என்னும் மூன்றனையும் நாம் கேட்டாக வேண்டும். பெயரின் ஒலி கேட்போனின் விருப்பத்துக்கு எளிதில் வளைந்துகொடுக்கும். பெயரிட்டவன் நின்ற இடம் அவ்வாறு வளைவதில்லை.

காற்றுப் பெயர்கள் இத்தகைய மயக்கத்துக்குப் பெரிதும் இடமளிப்பவை. கிரேக்க மாலுமிகள் தென்மேற்குக் காற்றைப் பயன்படுத்திச் செங்கடலிலிருந்து மேற்குக் கடற்கரைத் துறைகளுக்கு வந்த செய்தி கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்புளுசில் உள்ளது. அங்கு இப்பாலசு என்பவன் நேர்வழி கண்ட மாலுமி. பிளினியின் நூலிலோ அச்சொல் காற்றின் பெயராகவும் நிற்கின்றது. மனிதன் பெயர் காற்றுக்குச் சென்றதா, காற்றின் பெயரிலிருந்து ஒரு மனிதன் படைக்கப்பட்டானா என்று அறிஞர் வாதிட்டு வந்துள்ளனர். பெயரிருந்தால் அதற்கு ஒரு வீரனும் இருந்தாக வேண்டும் என்று எண்ணுவது மனித இயல்பு. சோழகத்தின் பின்னால் சோழனைத் தேடும்போதும் அவ்வியல்பே செயற்படுகின்றது.

சோழகம்: மூன்று விளக்கங்கள்

சோழகம் என்னும் சொல்லுக்கு மூன்று வகையான விளக்கங்கள் கூற இடமுண்டு.

முதலாவது, சோழ நாட்டிலிருந்து வரும் காற்று என்பது. கேட்டவுடன் இயல்பாகத் தோன்றும் விளக்கம் இதுவே. காற்றுக்கு அது புறப்படும் இடத்தால் பெயரிடுதல் எங்கும் காணப்படும் வழக்கம். சுமாத்திரா என்னும் பெயரும் அவ்வாறே அமைந்தது. ஆனால் திசை இவ்விளக்கத்துக்கு இடங்கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நோக்கினால் கோடிக்கரையும் நாகப்பட்டினமும் வடக்கே உள்ளன. மன்னார் வளைகுடாவின் துறைகளிலிருந்து நோக்கினால் சோழநாட்டுக் கரை வடகிழக்கே உள்ளது. சோழ நாட்டிலிருந்து வரும் காற்று எனின் அது வாடையாகவோ வடகிழக்குக் காற்றாகவோ இருந்திருக்க வேண்டும். சோழகமோ தென்காற்று. எனவே இவ்விளக்கம் நிலைபெறாது.

இரண்டாவது, சோழருக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பே இல்லை என்பது. இதற்கு வலுவான ஒரு காரணம் உண்டு. ஈழத்து எழுத்துகளில் இச்சொல் சோளகம் என்று ளகரத்தாலும் எழுதப்படுகின்றது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். மழை அங்கே மளை. பழம் அங்கே பளம். எனவே பேச்சில் சோளகம் என்று கேட்ட ஒருவர் அதனை எழுத முற்படும்போது, மூலம் ளகரமா ழகரமா என்பதனைத் தம் அறிவைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கற்றவர் ஒருவர் அதனைத் 'திருத்தி' ழகரமிட்டு எழுதினால், அத்திருத்தத்தோடு சோழனும் சொல்லுக்குள் நுழைந்துவிடுகின்றான். அவ்வாறாயின் ழகரம் சான்றாகாது. அது ஒருவகை உரையாகும். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பணியோடு தொடர்புடைய வின்சுலோவின் அகராதி 1862இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் வெளிவரத் தொடங்கியது. அகராதியின் எழுத்துவடிவை மட்டும் காட்டி ஒரு பேச்சுச் சொல்லின் வேரை நிறுவுவோர், அவ்வடிவு எந்தப் பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்தது என்பதனையும் கருத வேண்டும்.

சோழர் தொடர்பை விலக்கினால் வேறு எவ்வேரைக் காட்டுவது? சோ என்னும் ஒலிக்குறிப்பும், விடாமழையைக் குறிக்கும் சோனை என்னும் சொல்லும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் முன்னர்க் கூறியவாறு யாழ்ப்பாணத்துச் சோழகம் மழையற்ற காற்று. மழைச்சொல்லிலிருந்து அதற்குப் பெயர் பிறந்தது என்றல் பொருளொடு முரண்படும். சத்தியமங்கலம் மலைகளில் வாழும் சோளகர் என்னும் பழங்குடியினரின் பெயரோடு ஒலி பொருந்தினும், மலைக்குடிக்கும் கடற்காற்றுக்கும் இடையே தொடர்பு காட்ட இயலாது. ஆகவே இரண்டாம் விளக்கம் ழகரத்தின் மீது நியாயமான ஐயத்தை எழுப்புகின்றதே தவிர, அவ்விடத்தில் நிறுத்தத்தக்க வேறொரு வேரைத் தரவில்லை.

மூன்றாவது, சோழ நாட்டுக்குக் கொண்டுசெல்லும் காற்று என்பது. யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே செல்லும் பாய்க்கப்பலுக்குத் தென்காற்று பின்னிருந்து உந்தும். தென்மேற்குக் காற்று பின்பக்கவாட்டில் நின்று உதவும். மன்னார் வளைகுடாவிலிருந்து வடகிழக்கே செல்வோர்க்குத் தென்மேற்குக் காற்றே நேர்த்துணை. திரும்பி வருவதற்கு வாடை உண்டு. திசையும் பருவமும் தொழிலும் ஒருங்கே பொருந்துவது இவ்விளக்கம் ஒன்றில்தான்.

போகுமிடத்தால் பெயர் பெறுதல்

வருமிடத்தால் அன்றிப் போகுமிடத்தால் ஒன்றற்குப் பெயரிடுவது கடலோடிகளின் மொழியில் உண்டா என்று கேட்கலாம். நம் அண்டை மொழியான மலாயே இதற்கு விடை தருகின்றது. மலாயில் தெற்குத் திசைக்குச் செலாத்தான் என்பது பெயர். அது நீரிணை என்னும் பொருளுடைய செலாட் என்பதிலிருந்து பிறந்தது. மலாய் மாலுமிக்குத் தெற்கு என்பது நீரிணையை நோக்கிச் செல்லும் பக்கம். தான் செல்லும் இடமே அவனுக்குத் திசையாயிற்று.

மலாயின் மற்றத் திசைப் பெயர்களும் நம் கவனத்துக்கு உரியன. பாராட் என்றால் மேற்கு. தீமோர் என்றால் கிழக்கு. பாரதம் என்னும் சொல்லே பாராட் ஆயிற்று என்றும், இந்தியா மேற்கே இருப்பதனால் அப்பெயர் வந்தது என்றும் கூறுவார் உளர். நம்மவர்க்கு உவப்பான கருத்து இது. ஆனால் மொழியியல் இதனை ஏற்பதில்லை. பிலிப்பைன்சின் தகலாகு மொழியில் அபகாட் என்பது தென்மேற்குப் பருவக்காற்று. மடகாசுக்கரின் மலகாசி மொழியில் அவரட்ர என்பது வடக்கு. தீமோருக்கு இனமான அட்சிமு என்பது தெற்கு. இவையெல்லாம் ஒரே மூல ஆசுத்திரோனேசியச் சொற்களின் கிளைகள். மூலத்தில் அவை மேற்குப் பருவக்காற்றையும் கிழக்குப் பருவக்காற்றையும் குறித்தன. முதலில் காற்று, பின்னரே திசை. புதிய தீவுக்குச் சென்று குடியேறியவர் அங்கு வீசிய பருவக்காற்றுக்குப் பழைய பெயரை இட்டபோது, சொல் குறித்த திசை மாறியது. மலாயில் மேற்கானது மலகாசியில் வடக்கானதற்கு இதுவே காரணம்.

தமிழில் நிலைமை வேறு. கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்தும், மேற்கு என்பது மேல் என்பதிலிருந்தும் பிறந்தவை. மேற்கே மலை உயர்ந்தும் கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்தும் கிடக்கும் நிலத்தில் நின்றவன் இட்ட பெயர்கள் இவை. தென்றல், வாடை என்னும் காற்றுப் பெயர்கள் தென், வட என்னும் திசைச் சொற்களின் அடியாகப் பிறந்தன. தமிழில் திசை முதலில், காற்று பின்னர். மலாயில் காற்று முதலில், திசை பின்னர். ஒருவன் நிலத்தை நோக்கி உலகை அளந்தான். மற்றவன் கடலை நோக்கி அளந்தான். இந்த ஒப்பீட்டில் சோழகம் தனித்து நிற்கின்றது. தென், வட என்பன போன்ற திசைச்சொல் அதனுள் இல்லை. நிலத்தில் நின்றவன் இட்ட பெயராக அது தோன்றவில்லை. கப்பலின் பின்புறம் நின்று பாயைக் கவனித்தவனின் சொல்லாகவே தோன்றுகின்றது.

சொல்லமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சோழ என்னும் அகர ஈற்றுச் சொல் அகம் என்பதனோடு புணரும்போது வகர உடம்படுமெய் பெற்றுச் சோழவகம் என்றாதல் இயல்பு. அது பேச்சில் குறுகிச் சோழகம் ஆயிற்று எனக் கொண்டாலும், தமிழகம் போல அது நாட்டின் பெயராகுமே தவிரக் காற்றின் பெயராகாது. இவ்விடைவெளியை நிரப்புவது சோழகக் காற்று என்னும் தொடர். இடப்பெயர் அடையாக நின்ற அத்தொடரில் காற்று என்னும் சொல் காலப்போக்கில் உதிர, இடப்பெயரே காற்றின் பெயராக எஞ்சியது எனலாம். இது வெறும் ஊகமன்று. சுமாத்திராவில் நிகழ்ந்ததும் இதுவே. ஒரு தீவின் பெயர் வேறு எச்சொல்லின் துணையுமின்றிச் சூறைக்காற்றின் பெயராக நிற்பதனை நம் கரையிலேயே காண்கின்றோம். பெயரெச்சத்துக்குச் சுமாத்திராவும், போகுமிடத்தால் பெயரிடுவதற்குச் செலாத்தானும் இணைச்சான்றுகளாக அமைகின்றன.

பெயரிட்டவர் சோழர் அல்லர்

மூன்றாம் விளக்கத்தை ஏற்றால் அதனின்று ஒரு முடிவு தவறாது பின்தொடரும். நாகப்பட்டினத்தில் வாழும் ஒருவன் தன் ஊருக்கு வரும் காற்றை 'நாகைக் காற்று' என்று அழைக்கமாட்டான். சோழ நாடு எவனுக்கு வேறு இடமோ, செல்ல வேண்டிய இடமோ, அவனே அக்காற்றைச் சோழகம் என்று அழைக்க முடியும். அதாவது, இப்பெயரை இட்டவர் சோழ நாட்டார் அல்லர்; அதற்குத் தெற்கே, பாண்டிய நாட்டுக் கரையிலும் ஈழத்தின் வடகரையிலும் வாழ்ந்த கடலோடிகள்.

இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பை இச்சொல்லோடு இணைக்க விரும்புவோர் இதனைக் கருத வேண்டும். கிழக்கே செல்லும் கப்பல்களுக்குத் தென்மேற்குக் காற்று உதவியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் நாகையிலிருந்து கடாரம் நோக்கிப் புறப்பட்டவர் போகுமிடத்தால் அக்காற்றுக்குப் பெயரிட்டிருந்தால் அதனைக் கடாரக் காற்று என்றுதான் அழைத்திருப்பர். கரிகாற் சோழனின் முன்னோன் ஒருவன் காற்றின் இயல்பறிந்து கப்பல் செலுத்தியதனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாடலில் போற்றுகின்றார். அப்பாட்டு சோழர்தம் கடலறிவுக்குச் சான்று. சோழகம் என்னும் சொல்லுக்குச் சான்றன்று. இரண்டனையும் ஒன்றாக்குவது பாட்டுக்கும் நன்மை செய்யாது, சொல்லுக்கும் நன்மை செய்யாது.

சொல்லின் காலத்தைச் சோழர் ஆட்சிக்காலத்தோடு கட்டிவிட வேண்டிய தேவையும் இல்லை. சோழர் ஆட்சி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிவுற்றது. ஆனால் சோழமண்டலம் என்னும் பெயர் கடற்கரையின் பெயராக நீடித்தது. ஐரோப்பியர் வழங்கிய கோரமண்டல் என்பது அதன் திரிபே. மன்னர் மறைந்த பின்னரும் மாலுமிகளின் வாயில் சோழம் என்பது ஒரு கரையின் பெயராக வாழ்ந்தது. அக்கரைக்குப் போகும் காற்றுக்கு எக்காலத்திலும் அப்பெயரை இட்டிருக்கலாம்.

இவ்வாறு பார்க்கும்போது சொல்லின் பெருமை குறைவதில்லை; அது உரியவரைச் சென்றடைகின்றது. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத தோணிக்காரரும் மீனவருமே இச்சொல்லுக்கு உரியவர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொசுட்டர் துறைமுகம் வரை சென்றது. அத்தகைய கடலறிவு ஒரே தலைமுறையில் தோன்றியதன்று. செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாகக் கொண்டு எழுதிய புதினத்துக்கு வாடைக்காற்று என்றே பெயரிட்டார். 1978இல் அது திரைப்படமும் ஆயிற்று. காற்றின் பெயரே பருவத்தின் பெயராகவும் தொழிலின் நாட்காட்டியாகவும் விளங்கிய சமூகத்தில் அத்தலைப்புக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ழகரம் பற்றிய ஐயம் எஞ்சுகின்றது. ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்தொலிக்கும் கடலோர வழக்கே அதனைத் தீர்க்கும் இடம். அத்தகைய வழக்கு நிலவும் கரைகளில், குறிப்பாகக் குமரிக்கு மேற்கே உள்ள ஊர்களில், மீனவர் வாயிலிருந்து இச்சொல்லை ஒலிப்பதிவு செய்து ஒப்பிடுதல் அகராதிகளைப் புரட்டுவதனைவிடப் பயன் தரும். கச்சானுக்கும் இதுவே முறை. ஈழத்தில் நிலக்கடலைக்கும் கச்சான் என்று பெயர். காற்றும் கடலையும் ஒரே பெயர் பெற்றமையால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று உடனே முடிவுகட்டுதல், கேரித் தீவைக் கன்னடச் சேரி என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பாகும்.

மலேசியத் தமிழரும் காற்றுப் பெயர்களும்

இவ்வாய்வு நமக்கு எவ்வாறு பயன்படும் என்பதனையும் கூறுதல் கடன். மலேசியத் தமிழர் இருவேறு வழிகளில் இங்கு வந்தனர். தோட்டங்களுக்கு வந்தவருள் மிகப் பெரும்பாலோர் தமிழகத்தின் உள்நாட்டு உழவர் குடிகளைச் சேர்ந்தவர். அவர்கள் கொண்டுவந்த சொற்செல்வம் வயலைச் சார்ந்தது. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்தார் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் குடியமர்ந்தனர். சோழகமும் கச்சானும் அவர்களுடைய பேச்சோடு கப்பலேறி வந்த சொற்கள். ஆனால் இரயில் நிலையத்திலும் எழுத்தர் மேசையிலும் அச்சொற்களுக்கு வேலை இல்லை. தொழில் மாறியபோது சொல் நினைவாக மட்டும் நின்றது. அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்நினைவும் மங்கலாயிற்று.

தோட்டத் தமிழரோ கேரித் தீவு போன்ற இடங்களில் கடலின் விளிம்பிலேயே வாழ்ந்தும், செம்பனை மரங்களுக்கிடையே நிலத்தொழிலே செய்தனர். விடியற்காலையில் ஓலைகளை முறித்துவிட்டுப் போகும் சூறை அவர்களுக்கு வேலையைத் தடுக்கும் மழைக்காற்று. பாயை நிரப்பும் காற்றன்று. காற்றினிடம் ஒருவனுக்குள்ள தேவையே அதற்குப் பெயர் தருகின்றது என்னும் உண்மையை இதனைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

ஆயினும் காற்றுப் பெயர் அத்தீவின் தமிழ் மாணவரிடம் இல்லாமலில்லை. அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் பாராட், தீமோர் என்னும் சொற்கள் உள்ளன. மேற்கு, கிழக்கு என்று மாணவர் அவற்றுக்குப் பொருள் சொல்வர். அவை ஒரு காலத்தில் பருவக்காற்றின் பெயர்கள் என்பதனையும், மணிலாவிலும் மடகாசுக்கரிலும் அவற்றின் உறவுச் சொற்கள் வழங்குவதனையும் ஆசிரியர் எடுத்துரைத்தால், தென்றல், வாடை என்று ஒப்பிக்கும் பாடம் உயிர்பெறும். மேற்கு என்னும் தமிழ்ச் சொல்லில் மலையும், பாராட் என்னும் மலாய்ச் சொல்லில் கடலும் இருப்பதனை மாணவர் ஒரே வகுப்பில் காண்பர். இருமொழிச் சூழலில் தமிழ் கற்பிப்போர்க்கு இது சுமையன்று. பிற நாட்டுத் தமிழாசிரியர்க்கு எளிதில் கிட்டாத வாய்ப்பு.

முடிவுரை

சோழகம் என்னும் சொல்லைச் சோழ நாட்டிலிருந்து வரும் காற்று என்று கொள்வதற்குத் திசை இடந்தரவில்லை. சோழப் பேரரசின் நினைவுச்சின்னமாக அதனைக் கொள்வதற்குப் பெயரிடும் முறை இடந்தரவில்லை. ழகரமே மூலம் எனின், சோழமண்டலக் கரைக்குப் போவதற்குத் துணைநின்ற காற்று என்பதே பொருத்தமான பொருளாகும். அதனைப் பெயரிட்டவர் அக்கரைக்குத் தெற்கே வாழ்ந்த கடலோடிகள் ஆவர். சுமாத்திரா, செலாத்தான் என்னும் நீரிணைச் சொற்கள் இம்முடிவுக்குத் துணைநிற்கின்றன.

சொற்பிறப்பு ஆய்வில் நம் முன்னோரின் பெருமையைக் காண விழைவது இயல்பே. அவ்விழைவு ஆய்வைத் தொடங்கிவைக்கலாம், முடித்துவைத்தல் ஆகாது. பாராட் என்பதில் பாரதத்தையும் சோழகத்தில் சோழனையும் கண்டவுடன் நிறைவு கொள்வோமாயின், காற்றை அறிந்து கடலோடிய மலாய் மாலுமியையும் தமிழ்ப் பரதவனையும் நாம் இழந்துவிடுகின்றோம். இச்சொற்களை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இருக்கக்கூடும். அவர்களைத் தேடிச் சென்று, காற்றின் பெயரோடு அது வீசிய திசை, மாதம், அப்போது செய்த தொழில் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவுசெய்வது நம் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். பெயரை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினால், எஞ்சிய பகுதியைப் பின்வருவோர் தம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்வர்.